நான்கு குறிகளும் ஒரு வெற்று வரியும்

(தில்லியில் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் வேதாந்தம் அல்ல, சங்கீதமும் அல்ல. மிகச் சின்ன விஷயம். நாம் கணினியிலோ கைபேசியிலோ எழுதும்போது, எது தலைப்பு, எது முக்கியம், எது பட்டியல், எது பிறர் சொன்ன வார்த்தை என்று படிப்பவருக்குத் தெரியும்படி குறியிட்டு எழுதுவது எப்படி என்பதுதான். "எழுபது வயசுக்கு மேல் இது எதற்கு ஸார்?" என்று சிலர் கேட்கலாம். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் கட்சி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். சமீப காலமாக நம் வாட்ஸ்அப் குழுவில் வரும் நீண்ட செய்திகளில் சொற்களுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரங்கள், வரி ஆரம்பத்தில் # என்று வேலி போன்ற ஒரு குறி, இவையெல்லாம் தென்படுகின்றன அல்லவா? இதற்கு 'மார்க்டவுன்' என்று பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் க்ரூபர் என்பவர் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட எழுத்து முறை. அதை உருவாக்குவதில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞரும் உதவினார். இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பதில் எழுதுவது பெரும்பாலும் இந்த முறையில்தான். அந்தப் பதிலை யாராவது அப்படியே எடுத்து ஒட்டி அனுப்பும்போது குறிகளும் கூடவே வந்துவிடுகின்றன.

இந்த முறையின் மூலக் கொள்கை ஒன்றுதான். குறியிட்ட எழுத்தை எந்த மென்பொருளும் இல்லாமல், உள்ளபடியே படித்தாலும் மனிதனுக்குப் புரிய வேண்டும். மென்பொருள் இருந்தால் அது அழகாகக் காட்டும், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

இது நமக்கு முற்றிலும் புதியது என்று நினைக்க வேண்டாம். இந்தச் சபையில் தட்டெழுத்து, சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு தில்லிக்கு ரயில் ஏறியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தட்டெழுத்து இயந்திரத்தில் தடித்த எழுத்து கிடையாது, சாய்ந்த எழுத்து கிடையாது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற அளவு பேதமும் கிடையாது. இருந்தும் தலைப்பை நடுவில் கொண்டுவர என்ன செய்தோம்? காகிதத்தின் மத்திக்கு வந்து, தலைப்பில் இரண்டு எழுத்துக்கு ஒரு முறை பின்னோக்கி நகர்ந்து, பிறகு அடித்தோம். முக்கியமான சொல்லுக்கு என்ன செய்தோம்? அடித்த சொல்லுக்கே திரும்பி வந்து அடிக்கோடு போட்டோம். இன்று விசைப்பலகையில் இருக்கும் _ என்ற கீழ்க்கோடு அந்த அடிக்கோட்டின் வாரிசுதான்.

அச்சகத்துக்குப் போகும் கையெழுத்துப் பிரதியிலும் இதே வழக்கம் உண்டு. ஒரு சொல்லின் கீழே நேர்க்கோடு போட்டால் சாய்ந்த எழுத்து, அலைக்கோடு போட்டால் தடித்த எழுத்து என்று அச்சுக் கோப்பவர் புரிந்துகொள்வார். இப்படிக் குறியிடுவதற்கு ஆங்கிலத்தில் 'மார்க் அப்' என்று பெயர். கணினிக்காரர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். க்ரூபர் அதை வேடிக்கையாகத் திருப்பி 'மார்க்டவுன்' என்று வைத்தார்.

செக்ரெடேரியட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு உதாரணம். ஃபைலில் குறிப்பு எழுதும்போது பத்திகளுக்குத் தொடர் எண் இட வேண்டும் என்பது அலுவலக நடைமுறை விதி. மேலதிகாரி "மேலே 4-ஆம் பத்தியைப் பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதினால் போதும், எல்லோருக்கும் விளங்கும். கடிதங்களுக்கு 'ஏ', 'பி' என்று சீட்டு குத்துவோம். படிப்பவர் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் செய்வது எழுதுபவரின் கடமை என்று அந்த நடைமுறை நமக்குக் கற்றுக்கொடுத்தது. ஆபீஸ் ஃபைலுக்கு அத்தனை சிரத்தை காட்டிய நாம், சொந்தக் குடும்பத்துக்கு எழுதும்போது பத்தியே பிரிக்காமல் நான்கு பக்கம் எழுதுகிறோம். பேரன் பேத்திகள் முதல் திரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "இந்தக் காலத்துப் பசங்க படிக்கறதே இல்லை" என்று நாம் வருத்தப்படுகிறோம். அவர்கள் படிக்கும்படி நாம் எழுதியிருக்கிறோமா என்பதையும் பார்க்க வேண்டும்.

குறி இல்லாத எழுத்து என்ன பாடு படுத்தும் என்பதற்கு நம் பாஷையின் சரித்திரமே சாட்சி. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, பத்தி இல்லை, செய்யுள் அடிகள்கூடப் பிரிந்து நிற்பதில்லை.

1855-ஆம் ஆண்டு பிறந்த மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் இத்தகைய சுவடிகளைத்தான் ஊர் ஊராகத் தேடி எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து அச்சேற்றினார். 1887-இல் சீவக சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. மூலம் எது, உரை எது, உரைக்குள் வரும் மேற்கோள் எது என்று பிரித்தறிவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அப்படிப் பிரித்த பிறகு முகவுரை, ஆசிரியர் வரலாறு, அடிக்குறிப்பு, அகராதி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே அமைத்துப் படிப்பவர் கையில் கொடுத்தார். அந்த மகான் செய்த சேவையைப் பற்றிப் பேசும்போது சுவடிகளைக் கண்டெடுத்ததைச் சொல்கிறோம். வரியை வரியாகவும் உரையை உரையாகவும் நிறுத்திக் காட்டியதும் அதற்குச் சமமான சேவைதான். இல்லாவிட்டால் இன்று நம்மால் அந்த நூல்களைப் படிக்க முடியுமா?

"அதெல்லாம் ஓலைக்காலம், இப்போது கணினியில் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே" என்று நினைக்கிறவர்களுக்காக, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். யமுனைக்கு அந்தப் பக்கம் வசித்த ஒரு பெரியவர், 1990-களின் கடைசியில், தம் குடும்ப வழக்கங்களைக் கணினியில் தட்டெழுதி வைத்தார். எந்தப் பண்டிகைக்கு என்ன நைவேத்தியம், சிராத்தத்துக்கு எந்தக் காய்கறி ஆகும், எது ஆகாது, சுமங்கலிப் பிரார்த்தனையில் யார் யாருக்குப் புடவை வைப்பது என்று அறுபது பக்கம். தலைப்புகளைப் பெரிய நீல எழுத்தில் போட்டார். தம் தாயார் சொன்ன வார்த்தைகளை அப்படியே சாய்ந்த எழுத்திலும், தம்முடைய அபிப்பிராயங்களை நேர் எழுத்திலும் எழுதினார்.

அப்போது தமிழுக்கு ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு விதமான குறியீட்டில் இருந்தது. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற குறியீடுகளை அறிவித்தது. பிறகு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நடுவில் எத்தனையோ பேருடைய பழைய கோப்புகள் வாயில் நுழையாத கிறுக்கல்களாக மாறிவிட்டன. பெரியவர் காலமான பின் அவருடைய மகள் அந்தக் கோப்பை என்னிடம் கொண்டுவந்தார். மாற்றி மென்பொருள் ஒன்றைக் கொண்டு எழுத்துக்களை மீட்டுவிட்டோம். ஒரு எழுத்துகூடப் போகவில்லை. ஆனால் நீல நிறம் போயிற்று, பெரிய அளவு போயிற்று, சாய்வும் போயிற்று. அறுபது பக்கமும் ஒரே ஓட்டமாக நின்றது.

தலைப்புகளைப் படித்துப் படித்துக் கண்டுபிடித்துவிட்டோம். பாட்டியின் வார்த்தைகளைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. "இது பாட்டி சொன்னதா, அப்பா நினைத்ததா?" என்று அந்தப் பெண்மணி ஒவ்வொரு வரியாகக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சொல்லக்கூடியவர்கள் இருவரும் இல்லை. பாட்டி சொன்ன வரிகளுக்கு முன்னால் ஒரே ஒரு சாதாரணக் குறி தட்டெழுதப்பட்டிருந்தால் அதுவும் எழுத்தோடு எழுத்தாகப் பிழைத்து வந்திருக்கும். நிறமும் சாய்வும் மென்பொருளின் சொத்து. குறி எழுத்தின் சொத்து. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவுதான்.

இனி அந்த நான்கு குறிகளைப் பார்ப்போம். எல்லாம் சாதாரண விசைப்பலகையிலேயே இருக்கின்றன.

முதலாவது # குறி. வரியின் ஆரம்பத்தில் இதைப் போட்டு, ஒரு இடைவெளி விட்டு எழுதினால் அது தலைப்பு. இரண்டு # போட்டால் உள்தலைப்பு. மூன்று போட்டால் அதற்கும் உள்ளே. இரண்டு நிலைகளுக்கு மேல் நமக்குத் தேவைப்படாது.

இரண்டாவது - என்ற சிறு கோடு. வரி ஆரம்பத்தில் கோடு, பிறகு இடைவெளி. இது பட்டியல். வரிசைக்கிரமம் முக்கியமானால் கோட்டுக்குப் பதில் 1. 2. 3. என்று எண் போடுங்கள். சாமான் பட்டியலுக்குக் கோடு, செய்முறைக்கு எண் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது நட்சத்திரம். ஒரு சொல்லுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் இட்டால் அது முக்கியம். தடித்த எழுத்தில் தெரியும். நட்சத்திரத்துக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கூடாது.

நான்காவது > குறி. கணக்கில் 'பெரியது' என்று போடுவோமே, அதே குறி. வரி ஆரம்பத்தில் இதை இட்டால் அது பிறர் வார்த்தை. மின்னஞ்சலில் மற்றவர் எழுதியதை எடுத்துக் காட்டுவதற்கு இருந்த பழைய வழக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பாட்டியின் வார்த்தைகளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய குறி இதுதான்.

ஐந்தாவதாக, குறியே இல்லாத ஒரு குறி: வெற்று வரி. ஒரு பத்தி முடிந்ததும் ஒரு வரி காலியாக விடுங்கள். மார்க்டவுனில் ஒருமுறை மட்டும் 'என்டர்' தட்டினால் பத்தி பிரியாது. இரண்டு வரிகளும் சேர்ந்துவிடும். விலாசம், சுலோகம் போல வரி வரியாக நிற்க வேண்டியவற்றுக்கு ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இரண்டு இடைவெளி விட்டு 'என்டர்' தட்ட வேண்டும்.

இப்போது ஒரு உதாரணம். நம் வீட்டு விஷயமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

# மாகாளிக்கிழங்கு ஊறுகாய்

## வேண்டியவை

- மாகாளிக்கிழங்கு
- புளித்த கெட்டி மோர்
- மிளகாய்ப்பொடி, கடுகுப்பொடி, மஞ்சள்பொடி
- உப்பு

## செய்முறை

1. கிழங்கை ஊறவைத்து, மண் போகக் கழுவித் தோல் சீவவும்.
2. நடு நரம்பை எடுத்துவிட்டுச் சிறு துண்டுகளாக நறுக்கவும்.
3. பொடிகளையும் உப்பையும் மோரில் கலந்து, துண்டுகளைப் போடவும்.
4. தினமும் கிளறிவிடவும். ஈரக் கரண்டி கூடாது.

> வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கறவாளுக்கு ஊறுகாயில் பங்கு கிடையாது.

கடைசி வரி யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ ஒரு பாட்டி என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. இதை அப்படியே காகிதத்தில் அச்சிட்டாலும் புரியும். மார்க்டவுன் தெரிந்த மென்பொருளில் போட்டால் தலைப்பு பெரிதாகவும், பட்டியல் ஒழுங்காகவும் தானே அமைந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து இருப்பதால் ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாம் தனித்துத் தெரியும். தமிழில் அந்த வசதி இல்லை. அதனால் குழப்பம் வரக்கூடிய பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். சாய்ந்த எழுத்து தமிழ் அச்சில் பரம்பரையாக வந்த வழக்கம் அல்ல; கணினி நேர் எழுத்தையே சாய்த்துக் காட்டுகிறது. வயதான கண்களுக்கு அது சிரமம். ஆகவே சாய்வைத் தவிர்ப்பது நல்லது. அடிக்கோடும் வேண்டாம். 'கு', 'மு', 'ழு' போன்ற எழுத்துக்களின் கீழே இறங்கும் கால்களை அது வெட்டிவிடும். தடிப்பு ஒன்றே போதும். அதையும் பத்திக்கு ஒரு தடவைக்கு மேல் போட வேண்டாம். எல்லாச் சொல்லும் முக்கியம் என்றால் எதுவுமே முக்கியம் இல்லை என்றுதான் அர்த்தம்.

நம் பாஷையில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். நட்சத்திரம் போடும்போது உருபையும் உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள். தில்லியில் என்று முழுச்சொல்லையும் அடைக்க வேண்டும். 'தில்லி' மட்டும் உள்ளேயும் 'யில்' வெளியேயும் நின்றால் பார்க்கவும் நன்றாக இராது, சில மென்பொருள்கள் அந்தக் குறியை ஏற்கவும் செய்யாது.

இன்னொன்று. நினைவுகளை எழுதுகிறவர்கள் ஆண்டைக் கொண்டு வரியைத் தொடங்குவது வழக்கம். "1968. மழை கொட்டிய வருஷம்" என்று எழுதினால், எண்ணும் புள்ளியும் இருப்பதால் மென்பொருள் அதைப் பட்டியல் என்று எண்ணிவிடும். "1968-ஆம் வருஷம்" என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

வாட்ஸ்அப்பில் மட்டும் ஒரு மாறுதல். அங்கே தடிப்புக்கு இரு பக்கமும் ஒரே ஒரு நட்சத்திரம்தான். இந்த வசதி 2016-இல் வந்தது. பட்டியலும் > குறியும் 2024-இல் சேர்ந்தன. ஆவணி அவிட்டத்துக்கு எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற அறிவிப்பை மூன்று வரிப் பட்டியலாகப் போட்டால், "எத்தனை மணிக்கு?" என்று இருபது பேர் திருப்பிக் கேட்கும் தொல்லை மிச்சமாகும்.

நீண்ட விஷயங்களை வாட்ஸ்அப்பில் வைக்காதீர்கள். கணினியில் நோட்பேட் போன்ற சாதாரண எழுத்துச் செயலியில் எழுதிச் சேமியுங்கள். சேமிக்கும்போது குறியீடு யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2019 முதல் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் நோட்பேட் தானே அப்படித்தான் சேமிக்கிறது. பழைய கணினியானால் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். கூகுள் டாக்ஸில் எழுதிப் பழகியவர்களுக்கும் சிரமமில்லை. 2024 முதல் அதிலிருந்து மார்க்டவுன் கோப்பாகவே இறக்கிக்கொள்ள முடிகிறது. ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி மகளிடம், ஒரு பிரதி மகனிடம் என்று மூன்று இடத்தில் இருக்கட்டும்.

ஆரம்பத்தில் சொன்னேன், எழுபதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் இது தேவை என்று. காரணம் இதுதான். நம் வீட்டு வழக்கங்கள் பலவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோத்திரம், சூத்திரம் பஞ்சாங்கத்தில் கிடைக்கும். உங்கள் வீட்டில் கார்த்திகைக்கு எத்தனை அகல், உங்கள் குலதெய்வத்துக்கு எந்த மாதத்தில் மாவிளக்கு, உங்கள் மாமியார் அதற்கு என்ன காரணம் சொன்னார் என்பது உங்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. தில்லியிலும் மும்பையிலும் வெளிநாட்டிலும் வளரும் குழந்தைகளுக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் ஒரு அத்தைப்பாட்டி இப்போது இல்லை. நாளை அவர்களுக்கு ஒரு கேள்வி வரும்போது நாம் பக்கத்தில் இருப்போம் என்பதும் நிச்சயமில்லை. நாம் எழுதி வைத்ததில் அவர்கள் தேடினால் கிடைக்க வேண்டும். பெரியவர் சொன்னது எது, நாம் சேர்த்தது எது என்றும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். பின்பற்றுவதும் விடுவதும் அவர்கள் இஷ்டம். தெரிந்து முடிவு செய்யட்டும்.

ஆகவே என் விண்ணப்பம் ஒன்றே ஒன்று. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு பண்டிகை, ஒரு சமையல், ஒரு உறவினரைப் பற்றிய நினைவு, எதுவானாலும் சரி. மேலே ஒரு தலைப்பு, நடுவே ஒரு பட்டியல், ஒரு சொல்லுக்கு மட்டும் தடிப்பு, கடைசியில் உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு வாக்கியம், அதற்கு முன்னால் > குறி. தட்டெழுத வராதவர்கள் காகிதத்தில் இதே குறிகளைப் போட்டு எழுதிக் கொண்டுவரலாம். தட்டெழுதித் தர நான் இருக்கிறேன். பேரன் பேத்திகள் உதவினால் இன்னும் விசேஷம். தட்டெழுதும்போதே அவர்கள் படித்தும் விடுவார்கள்.